தெய்வானையின் எருமைகளும் என் மந்திரிப் பதவியும்

நான் ஏன் அமைச்சர் பதவியை விட்டேன் என்று இளம் சட்டத்தரணிகள் யாரும் என்னிடம் நேரே கேட்பதில்லை. "அந்தக் காலத்து அரசியல் எப்படி இருந்தது?" என்று சுற்றி வளைத்துத் தொடங்குவார்கள். தேநீர் ஆறும்வரை காத்திருப்பார்கள். பிறகு கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போவார்கள். கட்சிக்குள் சண்டை என்று அன்றைக்குச் சிலர் சொன்னார்கள். பெண்பிள்ளைக்கு அந்தக் கதிரை தாங்காது என்று வேறு சிலர் சொன்னார்கள். எனக்குச் சுகமில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அது வெளிவந்த கிழமை நான் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மைக் காரணம் ஓர் எருமை வழக்கு. சிரிக்க வேண்டாம். புதிதாகக் கறுப்புக் கோட்டுப் போட்ட உங்களுக்கு என் அமைச்சு வாழ்க்கையைவிட அந்த எருமைகள்தான் பயன்படும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. வவுனியா நீதிமன்றத்தில் அப்போது பெண் சட்டத்தரணி நான் ஒருத்திதான். எனக்கென்று அறை கிடையாது. பழைய வழக்குக் கோவைகள் அடுக்கிய களஞ்சியத்துக்குள் போய்த்தான் கோட்டை மாட்டிக்கொள்வேன். வெளியே வரும்போது தோளில் சிலந்தி வலை இருக்கும். வழக்கில்லாத சனமும் "பொம்பிளைப் புரக்டர்" பேசுவதைப் பார்ப்பதற்கென்றே நீதிமன்றத்துக்கு வந்தது. சிலர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருவார்கள். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், படித்தது கொழும்பில். வன்னியை அதுவரை புகையிரத யன்னலால் மட்டுமே பார்த்திருந்தேன்.

நான் வேலை பழகிய சட்ட அலுவலகத்தின், எங்கள் பேச்சில் கந்தோரின், சீனியரும் யாழ்ப்பாணத்தவர்தான். அவருடைய பெயரை எழுதமாட்டேன்; அவருடைய பேரப்பிள்ளைகள் உங்களோடு படித்திருக்கக்கூடும். சட்டம் தெரிந்தவர், நல்லவர். வன்னியைப் பற்றி மட்டும் என்னைப் போலவே ஒன்றும் தெரியாதவர். ஆனால் தெரியும் என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

தெய்வானை என்ற பெண் அவரிடம் வந்தார். பெண்ணின் வழக்கு என்பதால் அவர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். புளியங்குளத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டத்தில் தெய்வானைக்குக் காணி இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டோரம் மாடு வளர்த்த குடும்பம்; குளம் திருத்தியபோது அவருடைய புருஷனுக்கு அந்தக் காணி கிடைத்தது. புருஷன் காய்ச்சலில் இறந்துபோனார். காணி தெய்வானையின் பெயருக்கு வந்தது. எருமைகள் வரவில்லை. புருஷனின் தமையன் கந்தப்பர் அவற்றைத் தன் பட்டியில் அடைத்துவிட்டு, எல்லாம் தன்னுடையவை என்றார். எருமைகளில் இருந்ததோ குடும்பத்துக்குப் பொதுவான சூட்டுக் குறி. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சூடு. அதைக் காட்டி எதையும் நிறுவ முடியாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். அந்தத் திட்டத்தில் அப்போது எருமைகளை வயலில் இறக்கிச் சேற்றை மிதிக்கவைத்துத்தான் விதைப்பார்கள். எருமை இல்லாவிட்டால் மழைக்காலத்துக் காலபோக விதைப்பு இல்லை. விதைக்காத காணியின் பெர்மிற்றை, அதாவது அனுமதிப் பத்திரத்தை, அரசாங்கம் ரத்துச் செய்யலாம். ரத்தானால் பக்கத்துக் காணிக்காரராகிய கந்தப்பரே அதைக் கேட்டு வாங்கலாம். எருமைகளில் தொடங்கிக் காணியில் முடிக்கத்தான் அவர் திட்டம் போட்டிருந்தார். தெய்வானைக்கு ஒரே ஒரு மகள். காணியும் போனால் இருவரும் யாருடைய குசினியிலோ பாத்திரம் கழுவப் போகவேண்டியதுதான்.

வழக்கு விசாரணைக்கு வந்த நாளன்று கந்தப்பரின் சட்டத்தரணி எழுந்து, வழக்கை நடத்தாமலே முடிக்க ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்துச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. ஒரு தரப்பு மற்றத் தரப்பைப் பார்த்து, "இன்ன கோயிலில் சத்தியம் பண்ணு, நான் வழக்கை விடுகிறேன்" என்று சவால் விடலாம். மற்றவர் சம்மதித்துவிட்டால் அந்தச் சத்தியமே தீர்ப்பு. சம்மதித்த பிறகு பின்வாங்கினால் வழக்கு தோற்றது என்று அர்த்தம். "இந்த அம்மா நாகதம்பிரான் கோயிலில் எருமைகள் தன்னுடையவை என்று சத்தியம் பண்ணட்டும். என் கட்சிக்காரர் இன்றைக்கே பட்டியைத் திறந்துவிடுவார்" என்றார் அவர்.

நீதிபதி தெற்கிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது, எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத்தான். ஒரு நாள் வழக்கு ஒரு நிமிடத்தில் முடிகிறதென்றதும் அவர் முகம் மலர்ந்தது. என் சீனியர் பக்கத்தில் இருந்தபடி என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"பிடி பிள்ளை, பிடி. பழம் நழுவிப் பாலிலை விழுந்திட்டுது. உன்ர ஆள் மெய் சொல்லுறவ எண்டு நீதானே சொன்னனீ."

மெய் சொல்பவர் சத்தியம் பண்ணுவார். எனக்கும் அது இரண்டும் இரண்டும் நாலு போலத்தான் பட்டது. சம்மதம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். ஒரு மரியாதைக்காக மட்டும், "சரிதானே அக்கா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

தெய்வானை தலையை ஆட்டினார். "நான் சத்தியம் பண்ணமாட்டன், அம்மா."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இவ்வளவு நாளும் இந்த மனிசி என்னிடம் பொய்தான் சொன்னாவா? கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைக் கேட்டிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் அவர் அவமானப்பட்டு எழுந்து போயிருப்பார். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது வேறு ஒரு சின்னச் சொல். அது என் கெட்டித்தனம் இல்லை. களைப்பு என்றே நினைக்கிறேன்.

"ஏன்?"

"எருமையள் என்ரதான். அது மெய். ஆனால் மெய்யெண்டாலும் அந்தச் சந்நிதியிலை சத்தியம் பண்ணக்கூடாது. சத்தியம் பண்ணின குடி தழைக்காது. எனக்கு ஒரு பிள்ளைதான் கிடக்கு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் சத்தியம் பொய்யனைப் பிடிக்கும். இங்கே அது பொய்யன், மெய்யன் என்று பார்ப்பதில்லை. வாயெடுத்த வீட்டையே பிடிக்கும். கந்தப்பர் இதே மண்ணில் பிறந்தவர். தம்பியின் பெண்சாதி மாட்டேன் என்பாள், மாட்டேன் என்றதும் நீதிபதி அவளைப் பொய்க்காரி என்று எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தே அந்தக் கண்ணியை வைத்திருந்தார். அவருடைய சட்டத்தரணிக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் கெட்டிக்காரர்கள். சவாலைத் திருப்பி விடலாமே, கந்தப்பரையே சத்தியம் பண்ணச் சொல்லலாமே என்று இப்போது நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். தெய்வானையிடம் குனிந்து கேட்டேன்.

"ஐயோ வேண்டாம். அவர் பண்ணுவார். பிள்ளைகுட்டி இல்லாத மனிசன். பிடிக்கிறதுக்கு அங்கை ஆர் இருக்கினம்?"

ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணறு. நீதிபதி பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். சீனியர் என் கோட்டை இன்னும் விடவில்லை. சம்மதமில்லை, வழக்கை நடத்துகிறோம் என்று சொன்னேன். "உங்கள் கட்சிக்காரர் நேர்மையானவரென்றால் எதற்குப் பயம்?" என்று நீதிபதி கேட்டார். மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சீனியர் என் கோட்டை விட்டுவிட்டுக் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். என்னோடு சேர்த்துத் தன்னைப் பார்க்கக்கூடாது என்று நினைத்திருக்கவேண்டும்.

கந்தப்பர் சாட்சிக் கூட்டில் ஏறியபோது எருமைகளைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"உங்கட அம்மா எப்பவாவது நாகதம்பிரான் கோயிலிலை சத்தியம் பண்ணினவவோ?"

அவருடைய சட்டத்தரணி ஆட்சேபித்தார். ஆனால் கந்தப்பர் காத்திருக்கவில்லை. கேள்வியே அவருக்குச் சுட்டுவிட்டது.

"என்ன கதை கதைக்கிறியள்? எங்கட குடும்பத்திலை ஒரு பொம்பிளையும் சத்தியம் பண்ணக் கோயில்படி ஏறினதில்லை! ஊரைக் கேட்டுப் பாருங்கோ."

"உங்கட பெண்சாதி?"

"அவவும்தான். நாங்கள் மானமுள்ள குடும்பம்."

"மெய்யான விஷயமெண்டாலும் பண்ணமாட்டினமோ?"

"மெய்யெண்டாலும் பண்ணக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"அப்ப உங்கட தம்பியின்ர பெண்சாதி எந்தக் குடும்பம்?"

பின்பக்கத்திலிருந்து முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நீதிபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்பு முதலில் வந்தது, மொழிபெயர்ப்புப் பிறகுதான் வந்தது. மொழிபெயர்ப்பாளர் கைலேஞ்சியால் வாயைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் ஆறுதலாக, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கந்தப்பரை நிமிர்ந்து பார்த்தார். சவாலே ஒரு கண்ணி என்று அவருக்கு விளங்கிவிட்டதும், வழக்கின் மிச்சமும், அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டன. கந்தப்பர் ஏற்கெனவே விற்றுவிட்டவை போக, மற்ற எருமைகள் காலபோகத்துக்கு முன்னரே தெய்வானையின் வயலில் இறங்கின.

இதிலிருந்து நீங்கள் குறுக்கு விசாரணை நுட்பம் எதையாவது எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது அல்ல. உங்கள் கட்சிக்காரர் "மாட்டேன்" என்றால் "ஏன்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதலாவதை எல்லோரும் செய்வார்கள். இரண்டாவதுதான் எங்கள் தொழிலில் அருமை.

பிறகு நான் தேர்தலில் நின்றதும், வென்றதும், அறுபதுகளில் அமைச்சரானதும் பத்திரிகைக் கதை. அதில் இரண்டு நிமிடத்தை மட்டும் இங்கே எழுதவேண்டும். பதவியேற்கும் அன்று ஓர் அதிகாரி என் முன்னால் இரண்டு வாசகங்களை வைத்தார். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். விரும்பாதவர்கள் உறுதியுரை வாசிக்கலாம். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. எல்லோரும் முதலாவதையே எடுத்தார்கள். நான் தெய்வானையை நினைத்து இரண்டாவதை எடுத்தேன். எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்ய முடியுமா என்று தெரியாத ஒன்றுக்குத் தெய்வத்தைச் சாட்சிக்கு இழுக்க நாக்கு வரவில்லை. "நீங்கள் கடவுளை நம்புவதில்லையா?" என்று அந்த அதிகாரி மெல்லக் கேட்டார். "நம்புவதால்தான்" என்றேன். அன்று மாலை வானொலி எங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கட்டி, "சத்தியப்பிரமாணம் செய்துகொண்டனர்" என்று அறிவித்தது. திருத்தச் சொல்லுமளவுக்கு அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

காணியும் நீர்ப்பாசனமும் என் பொறுப்பில் வந்தன. இரண்டாவது மழைக்காலத்தில் தெய்வானை இருந்த திட்டத்தின் குளம் நிரம்பி, குளக்கட்டின் நடுப்பகுதி கசியத் தொடங்கிவிட்டது. தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. குளத்தில் அலை மண்ணிறமாக அடித்தது. நடுப்பகுதி உடைந்தால் கீழே உள்ள பெரிய கிராமமும் கண்டி வீதியும் போய்விடும். தாழ்ந்த பக்கத்து முனையில் குளக்கட்டை வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் குளமும் கிராமமும் தப்பும், கடைசி வயல் துண்டத்துச் சில குடும்பங்களின் வயல்களும் வீட்டு வளவுகளும் மட்டும் போகும். இது பொறியியலாளரின் கணக்கு, சரியான கணக்கு.

அந்தச் சில குடும்பங்கள், வெட்டவேண்டிய அதே இடத்தில், கட்டின்மேல் வந்து குந்திக்கொண்டிருந்தன. ஆண்கள், பெண்கள், கோழிக்கூடு, சாக்கு மூட்டை, எருமைகள். நடுவில் தெய்வானை. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. மகள் வளர்ந்து அவரைவிட உயரமாகப் பக்கத்தில் நின்றாள்.

அவர்களுடைய பயம் தண்ணீர் அல்ல. ஒருமுறை வெட்டிவிட்டால் அந்த வெட்டையே நிரந்தர வானாக, அதாவது குளத்தின் வடிகாலாக ஆக்கி, மேலதிகத் தண்ணீரை எப்போதும் தங்கள் வயல்வழியே விடுவார்கள், காணி திரும்பக் கிடைக்காது என்பதுதான். காணி போவதென்றால் தாங்களும் கட்டோடு போகிறோம் என்றார்கள். கட்டின் அடியில் பொலீஸ் நின்றது. என் ஒரு சொல்லுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். பொறியியலாளர் நனைந்த சப்பாத்தோடு என் பக்கத்தில் வந்தார். நல்ல பொடியன், கண்கள் சிவந்திருந்தன.

"ஏதாவது சொல்லி எழுப்பிவிடுங்கோ, அம்மா. காணி தாறம் எண்டு ஒரு சத்தியம் பண்ணினீங்களெண்டால் எழும்பியிடுவினம். பிறகு பார்க்கலாம்."

அமைச்சில் நான் மிக அதிகமாகக் கேட்ட சொற்கள் அந்தப் "பிறகு பார்க்கலாம்". நான் குளக்கட்டின்மேல் ஏறினேன். சேறு வழுக்கியது. ஓர் இளைஞன் கை கொடுத்து ஏற்றிவிட்டான். ஏற்றிவிட்ட அதே இளைஞன்தான் முதலில் கத்தினான்.

"காணி திரும்பத் தருவியளோ? நாகதம்பிரான் மேலை சத்தியம் பண்ணிச் சொல்லுங்கோ, எழும்பிறம்!"

"ஓம், சத்தியம் பண்ணட்டும்!" என்று எல்லாப் பக்கமும் சத்தம் எழுந்தது.

எனக்கு அந்த இடத்தில் பயமாக இருந்தது. பின்னால் நீரின் இரைச்சல். ஒரு வசனம் சொன்னால் போதும், எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். காணி என் கையில் மட்டும் இல்லை. அமைச்சரவை இருக்கிறது, திறைசேரி இருக்கிறது, பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். நான் தோற்கலாம். சொல்லாவிட்டால் பொலீஸ். பொலீஸ் ஏறினால் இந்தச் சேற்றில் யாராவது தண்ணீருக்குள் விழுவார்கள்.

"சத்தியம் பண்ணமாட்டன்" என்றேன். "உங்கட காணியை உங்களுக்கே எடுத்துத் தரச் சண்டை பிடிப்பன். அது ஏலாமல் போனால் நான் மந்திரியா இருக்கமாட்டன். இவ்வளவுதான் என்ர கையிலை இருக்கு."

"இதென்ன கதை?" என்று இளைஞன் கொதித்தான். "மந்திரியாகச் சத்தியம் பண்ணினியள். றேடியோவிலை நாங்கள் கேட்டனாங்கள். எங்களுக்கெண்டால் மட்டும் மாட்டியளோ?"

"அங்கையும் நான் பண்ணேல்லை, தம்பி. சும்மா உறுதி எண்டு வாசிச்சனான். சத்தியம் எண்டு றேடியோக்காரர்தான் சொன்னவை."

அப்போது தெய்வானை முதன்முறையாக வாய் திறந்தார். "என்ன? நீங்கள் பண்ணவே இல்லையோ?"

"இல்லை, அக்கா."

"அட கடவுளே!" அவர் தலையில் கை வைத்தார். "றேடியோவிலை கேட்ட நாள் தொட்டு நித்திரை இல்லை எனக்கு. இந்த மனிசிக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைச்சு, மூண்டு கொத்து அரிசி பொங்கிப் போட்டெல்லோ வந்தனான்!"

அவருடைய மகள் சிரித்துவிட்டாள். பிறகு இன்னொரு பெண். கொட்டும் மழையில், உடையப் போகிற குளக்கட்டின்மேல், அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான். கீழே நின்ற பொலீஸ்காரர் எங்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

தெய்வானை எழுந்து சேலையை உதறினார். எருமையின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"எழும்புங்கோ" என்றார் மற்றவர்களிடம். "அவா சத்தியம் பண்ணியிருந்தாவெண்டால் நான் இதிலையே கிடந்திருப்பன். மாட்டனெண்டு சொல்லுற ஆளைத்தான் நம்பலாம்."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசிக் கோழிக்கூடும் இறங்கிய பிறகு கட்டை வெட்டினார்கள். தண்ணீர் முதலில் மெதுவாகப் போனது, பிறகு கட்டின் கரையைக் கடித்துக்கொண்டு போனது. தெய்வானையின் நெற்பயிர், வேலி, கொட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கவே கொண்டுபோனது. அவர் அழவில்லை. அவருடைய மகள் அழுதாள். பெரிய கிராமத்தில் ஓர் உயிர்கூடச் சேதமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை. அந்த வெட்டையே நிரந்தர வானாக்கவேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். குளத்தின் கணக்கில் அவர்கள் பிழையில்லை. குடும்பங்களுக்குக் குளத்துக்கு மேற்புறம், தண்ணீர் ஏறாத கல்லுக் காட்டில் மாற்றுக் காணி ஒதுக்கினார்கள். நான் எதிர்த்தேன். வானுக்கு வேறு இடம் காட்டினேன். கூட்டத்துக்கு மேல் கூட்டம் கூடியது, கடைசியில் தோற்றேன். மூத்த அமைச்சர் ஒருவர் என்னை ஆறுதல்படுத்த அருகில் வந்து அமர்ந்தார்.

"மாற்றுக் காணி கொடுத்தாயிற்று. இனி என்ன?"

"அவர்களுடைய காணி கிடைக்காவிட்டால் இருக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்."

"எழுத்திலா? சத்தியமா?"

"இல்லை. குளக்கட்டில் நின்று சொன்னேன்."

அவர் மனம்விட்டுச் சிரித்தார். "குளக்கட்டில் சொன்னதற்கெல்லாம் பதவியை விடுவதென்றால் இந்த நாட்டில் ஒரு மந்திரியும் மிஞ்சமாட்டான்."

அவர் சொன்னது உண்மைதான். நான் விட்டுவிட்டேன். அமைச்சில் இருந்திருந்தால் இன்னும் நல்லது எவ்வளவோ செய்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். நாடகம் ஆடுகிறேன் என்றும் சொன்னார்கள். எனக்கு வலித்தது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் குளங்களின் நீர்மட்டத்தை வானொலியில் சொன்னால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்பேன்.

வவுனியாவுக்குத் திரும்பி வந்து பழைய தொழிலைத் தொடங்கினேன். சீனியர் காலமாகிவிட்டார். கந்தோர் எனக்கு வந்தது. நீதிமன்றத்தில் பெண் சட்டத்தரணிகளுக்கு இன்னமும் அறை இல்லை. அதே களஞ்சியம், அதே சிலந்தி. ஒருநாள் காலையில் தெய்வானை கந்தோர் வாசலில் வந்து நின்றார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"நீங்கள் மந்திரிப் பதவியை விட்டிட்டியளாம். எங்களாலையோ?"

"நான் சொன்ன சொல்லாலை, அக்கா."

"நீங்கள் சத்தியம் பண்ணேல்லையே. நான் பக்கத்திலைதானே நிண்டனான். சும்மா சொன்னதுதானே?"

"சத்தியமெண்டால் நீங்கள் நாகதம்பிரானுக்குப் பொங்கித் தீர்த்து விட்டிருப்பியள். சும்மா சொன்ன சொல்லுக்கு எங்கை போய்ப் பொங்கிறது?"

அவர் வந்த காரியத்துக்கு வந்தார்.

"என்ர காணிக்கு ஒரு வழக்குப் போடவேணும். ஒரு விசாரணையும் வைக்காமல் பெர்மிற்றை ரத்துச் செய்து போட்டினம். எதிராளி நீங்கள் மந்திரியா இருந்த அமைச்சுத்தான், அம்மா. எனக்காகப் பேசுவியளோ?"

"ஓம்."

"வெல்லுவமோ?"

"அதை நான் சொல்லமாட்டன்."

"அப்ப சரி" என்று தெய்வானை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.